களம் ஏற்றவரும் களம் ஏலாதவரும்

போர் வேறு, விளையாட்டு வேறு என்று பண்டையோர் வகுத்து வைத்தனர். இக்காலமோ இரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்து, உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிப் பலகையொன்றில் இட்டு, நம் மாணவர் கையிற் கொடுத்துவிட்டது. கல்லூரியின் விழா மலரிலே தமிழாசிரியர் எழுதப் புகுந்தால் புறநானூற்றைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ எழுதுதலே வழக்கம். நாமும் அவ்வழக்கினின்று முற்றும் விலகப் போவதில்லை. ஆயினும், இடைவேளையின்போது மைதானத்து ஓரத்திற் கூடிநின்று மாணவர் சூடாக வாதிடும் பொருள் யாதெனச் செவிசாய்த்துக் கேட்டவர், அது பரீட்சையுமன்று, கிரிக்கெட்டுமன்று என்பதை அறிவர். ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ’ என்னும் கணினி விளையாட்டின் ஆறாம் பாகத்திலே ஆட்டக்காரர் ஒருவரையொருவர் தாக்குதல் எவ்விதியின்படி அமையவேண்டும் என்பதே அவ்வாதம். இதிற் பெரியோர் தலையிட என்ன இருக்கின்றது என்று சிலர் நகைக்கலாம். நம் கருத்தில், அவ்வாதத்தின் அடியிலே நம் புலவர் நெடுங்காலம் ஆராய்ந்த வினாவொன்று கிடக்கின்றது.

இவ்விளையாட்டுக்களை அறியாத முதுபெரும் பழைய மாணவரும் இம்மலரைப் படிப்பராதலின், அவர் பொருட்டுச் சிறிது விளக்குவோம். முன்னாளைய கணினி விளையாட்டுக்கள் ஒற்றையடிப் பாதை போன்றவை. ஒரு கட்டம் கடந்தாலன்றி மறு கட்டம் இல்லை. திறந்த உலகம் எனப்படுவது அத்தகையதன்று. நகரம், காடு, ஆறு, கடற்கரை என ஒரு நாடே அதில் அமைந்திருக்கும். ஆட்டக்காரன் தான் வேண்டியவிடத்துத் திரியலாம். இணையத்தின் வழியாக நூற்றுக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்தபடியே ஒரே வேளையில் அந்நாட்டினுட் புகுதலும் கூடும். அங்கு ஒருவன் மீன் பிடிப்பான். ஒருவன் விறகு வெட்டி விற்பான். ஒருவன் நண்பரோடு வீடு கட்டுவான். மற்றொருவன் வாளுடன் வழியிலே நிற்பான். வாளுடன் நிற்பவன், மீன் பிடிப்பவனை வெட்டலாமோ? மாணவரது வாதமெல்லாம் இவ்வொரு வினாவினுள் அடங்கும்.

மேற்சொன்ன ஆறாம் பாகத்தின் முதற் காட்சிப்படம் 2023 டிசம்பரில் வெளிவந்தது. 2025இல் வரும் என்றனர். பின்னர் 2026 மே 26 என்றனர். 2025 நவம்பரில் அதனையும் மாற்றி 2026 நவம்பர் 19 என அறிவித்தனர். அது முதிர்ந்தோர்க்கான விளையாட்டு; கொள்ளையும் கொலையுமே அதன் கதை. பள்ளிப் பிள்ளைகள் அதனை ஆடுதலை நாம் ஆதரிக்கவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றோம். அதனை ஓட்டுதற்குரிய பொறியின் விலையை நோக்கின் நோட்டன் பிரிட்ஜ்ப் பக்கத்து லயங்களில் அது அத்துணை விரைவாக வந்திறங்கவும் மாட்டாது. ஆனால் பிறர் ஆடுவதை யூடியூபில் நம் மாணவர் காண்பர்; அதன் வழக்குகளே பின்பு அவர் கைபேசி விளையாட்டுக்களிலும் இறங்கும். இதன் ஐந்தாம் பாகத்துக்கு 2013 ஒக்டோபர் முதலாம் நாள் தொடங்கிய இணைய உலகிலே, பிறர் தம்மைச் சுடாமலும் தாம் பிறரைச் சுடாமலும் இருக்கும் ‘அமைதி நிலை’ ஒன்று வைக்கப்பட்டது. அந்நிலையைப் பூண்டவனைக் கோழை என எள்ளுவோரும் இருந்தனர். அதுவே இவ்வழக்கின் சிக்கலைக் காட்டும்.

இவ்வழக்குப் புதியதன்று. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே மாணவர் இருவர், எழுத்துக்களாலேயே அமைந்த உலகமொன்றைக் கணினியிற் படைத்தனர். அவ்விருவருள் ஒருவராகிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆட்டக்காரரை நால்வகையினராகப் பிரித்தார். பொருளும் புகழும் ஈட்டுவோர், இடங்களை ஆராய்ந்து திரிவோர், பிறருடன் கூடி உரையாடுவோர், பிறரை வீழ்த்தி மகிழ்வோர் என்பன அந்நான்கு. ஒரு வகுப்பறையில் இருபதாண்டு நின்ற எவருக்கும் இப்பிரிவு வியப்பளிக்காது. நால்வகையினரும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோமன்றோ?

நால்வகையினரையும் ஓருலகில் ஒருங்கே விட்டால் யாது நிகழும் என்பதற்கு ‘அல்டிமா ஒன்லைன்’ சான்றாயிற்று. அது 1997 செப்டெம்பரில் வெளிவந்தது. அதற்குச் சின்னாள் முன்னர், ஓகஸ்ட் மாதத்திற் சோதனை நடந்தபொழுது, அவ்வுலகைப் படைத்த ரிச்சர்ட் கேரியட் தாமே அரசர் வேடம் பூண்டு குடிகள் முன் தோன்றினார். எவனோ ஓர் ஆட்டக்காரன் நெருப்பு மந்திரத்தை ஏவினான். அரசர் அவ்விடத்திலேயே மாண்டார். படைத்தவனே தன் படைப்பிற் கொலையுண்ட இந்நிகழ்ச்சியைக் கேட்டு நகைத்தவர் பலர். வெளியீட்டின் பின்னரோ நகைப்பு நீங்கியது. காவலர் நிற்கும் நகரெல்லையைக் கடந்தால் எவரும் எவரையும் கொல்லலாம். வீழ்ந்தவனுடைய பொருளையும் வாரிக்கொள்ளலாம். சுரங்கத்திலே கனிமம் வெட்டிக்கொண்டிருந்தவனும், காட்டிலே மரம் தறித்துக்கொண்டிருந்தவனும் கூட்டங்கூட்டமாய் வேட்டையாடப்பட்டனர். கொலையாளியின் பெயரைச் சிவப்பெழுத்திற் காட்டினர், வேறு தண்டனைகளும் விதித்தனர், பயனில்லை. இறுதியில், 2000ஆம் ஆண்டில், அவ்வுலகையே இரட்டித்து ஒன்றைப் போர் நிலமாகவும் மற்றதை ஒப்புதலின்றித் தாக்கலாகா நிலமாகவும் பகுத்தனர். குடிகளிற் பெரும்பாலோர் அமைதி நிலத்துக்கே குடிபெயர்ந்தனர். வாளேந்தியோர், வெட்டுதற்கு ஆளின்றி நின்றனர்.

அமேசன் நிறுவனத்தின் ‘நியூ வேர்ல்ட்’ அதே பாடத்தை இருபதாண்டு கழித்து மீண்டும் கற்றது. 2019இல் நடந்த சோதனையிலே வலியோர் புதியோரை ஓயாது கொன்றமையால், 2020 தொடக்கத்தில் விதியை மாற்றி, போருக்கு விருப்பமென்று தானே குறித்துக்கொண்டவனை மட்டும் தாக்கலாம் என்றனர். 2021 செப்டெம்பரில் அவ்விதியுடனேயே அது வெளிவந்தது.

எதிர்க்கட்சியாருக்கும் ஒரு நியாயம் உண்டு. அதனை எளிதிற் புறந்தள்ளல் முறையன்று. அச்சமில்லாக் காடு காடாகாது, பூங்காவாகிவிடும் என்பர் அவர். வழிப்பறி உண்டென்பதனாலன்றோ வழிப்போக்கர் ஒருவரோடொருவர் கூடிச் சென்றனர். பகை உண்டென்பதனாலன்றோ நட்பின் அருமை விளங்கிற்று. இடர் நீங்கின் இன்பமும் நீங்கும் என்பது அவர் வாதம். அமைதி நிலம் தோன்றிய பின்னர் முன்னைய விறுவிறுப்பு அவ்வுலகினின்று மறைந்தது எனப் பழைய அல்டிமா ஆட்டக்காரர் பலர் வருந்தியதும் உண்மையே. இதனை நாம் ஒப்புக்கொள்கின்றோம். ஆயின், அவ்விறுவிறுப்பின் விலையை இறுத்தவன் யார் என்று கேட்டல் வேண்டும். வேட்டையாடியவனுக்கு இன்பம், வேட்டையாடப்பட்டவனுக்கோ ஒரு மாலைப் பொழுதின் உழைப்பு முழுவதும் இழப்பு. விலையை இறுப்பவனைக் கேளாமலே பேரம் முடிக்கும் சந்தை எவ்வூரில் உண்டு?

இங்கு நம் இலக்கியத்தை நினைவுகூர்தல் பொருந்தும். தமிழர் தம் போரிலே ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு பூவினைச் சூடினர் என்பது நாம் எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கும் செய்தி. நிரை கவர்வோர் வெட்சி சூடினர். நிரை மீட்போர் கரந்தை சூடினர். மதிலைக் காப்போர் நொச்சி, மதிலை வளைப்போர் உழிஞை. இருதிறத்தாரும் குறித்த களத்திலே எதிர்நின்று பொருதுங்கால் இரு சாராரும் தும்பையே சூடினர். ஏனைய பூக்கள் இவர் இக்கட்சி, அவர் அக்கட்சி என வேறு பிரித்தன. தும்பையோ இவரும் அவரும் களம் ஏற்றவர் என்பதை அறிவித்தது. தலையில் தும்பை இல்லாதவன் உழவனாகவோ வணிகனாகவோ வழிப்போக்கனாகவோ இருப்பான். அவன்மேல் வேல் ஓச்சுதல் வீரமாகாது. நியூ வேர்ல்டில் ஆட்டக்காரன் இட்டுக்கொண்ட குறியும் தும்பைப் பூவும் ஒரே வேலையையே செய்கின்றன என்று நாம் வகுப்பிற் கூறியபோது, கடைசி வாங்கிலிருந்தவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். புறத்திணைப் பாடத்தில் அத்தகைய காட்சி அரிது.

அவ்வகுப்பிலே மாணவனொருவன் எழுந்து, “ஐயா, வெட்சியார் சொல்லிவிட்டா மாடு கவர்ந்தார்கள்?” என வினவினான். நல்ல வினா. சொல்லாமலே கவர்ந்தனர், அதனை மறைத்தற்கில்லை. ஆயின், கவர்ந்த ஆநிரையைத் துன்புறுத்தாது பேணுதலையும் அத்திணையின் கூறாகவே தொல்காப்பியம் கொண்டது. மீட்க வருவோர்க்கும் ஒரு பூவும் ஒரு திணையும் வகுக்கப்பட்டன. களவாகத் தொடங்கினும் எதிராளிக்கு இடம் வைத்தே அச்செயல் அமைந்தது. மேலும், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டை எண்ணுக. ஆவும், ஆனியல்பினராகிய அந்தணரும், மகளிரும், பிணியுடையோரும், நீர்க்கடன் ஆற்றும் புதல்வரைப் பெறாதோரும் அரண் சேர்க, நாம் அம்பு விடப் போகின்றோம் என முன்னரே அறிவித்துப் பொருதவன் அவ்வரசன் என்கின்றார் புலவர். அவன் போரைத் துறந்தவனல்லன். கொடிய போர் செய்தவனே. தன் அம்பு யார்மேற் படலாகாது என்பதை முதலில் வரையறுத்தான், அவ்வளவே.

துயில்வோரைக் கொல்லுதல் பற்றியும் ஒரு சொல். ‘ரஸ்ட்’ என்னும் விளையாட்டிலே, ஆட்டக்காரன் பொறியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றாலும் அவனுடைய உருவம் அவ்வுலகிலே துயின்றபடி கிடக்கும். அவன் இல்லாத வேளையறிந்து வந்து, அவன் பலநாள் முயன்று கட்டிய கோட்டையை உடைத்து, துயிலும் உருவத்தையும் கொன்று செல்லலாம். பாரதப் போரின் பதினெட்டாம் நாள் முடிந்த பின்னர், நள்ளிரவிலே பாண்டவர் பாசறையுட் புகுந்து, உறங்கிக்கிடந்த திட்டத்துய்மனையும் இளம்பாண்டவர் ஐவரையும் அசுவத்தாமன் கொன்றானன்றோ? அவனுக்குத் தந்தையை இழந்த துயரமாவது இருந்தது. ஆயினும் அச்செயலை எவரும் புகழவில்லை. ‘ஆர்க்’ என்னும் மற்றொரு விளையாட்டிலே, உரியவன் இல்லாத வேளையில் அவனுடைய இருப்பிடத்தைத் தாக்கவியலாதபடி தடுக்கும் விதியொன்றை வேண்டுவோர் அமைத்துக்கொள்ளலாம். செய்ய முடியும் என்பது இதனாற் புலனாகின்றது. செய்வதற்கு மனம் இருத்தலே வேண்டுவது.

நிற்க, இவையெல்லாம் கடல்கடந்த செய்திகள். நம் மலைநாட்டுக்கு இவற்றால் ஆவதென்ன?

கெஹெல்கமு ஓயாவை நோட்டன் பிரிட்ஜிலே மறித்துத் தேக்கிய நீர் 1950 முதலாகப் பழைய லக்சபான மின்னிலையத்தைச் சுழற்றி வருகின்றது. 1965இல் இவ்வூரிலேயே விமலசுரேந்திர மின்னிலையமும் எழுந்தது. நாட்டுக்கு ஒளி வழங்கிய இவ்வூரைச் சூழ்ந்த லயங்கள் பல, அதன் பின்னரும் பல்லாண்டு மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. கைபேசியும் அவ்வாறே, பிறவிடமெல்லாம் பரவிய பின்னர்தான் இங்குப் பெருகிற்று. 2020 மார்ச்சிற் கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. கடன்பட்டும் நகை அடகு வைத்தும் பெற்றோர் கைபேசி வாங்கினர். அதற்கடுத்த ஆண்டிலேதான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. எத்தனை நாள் பெரட்டுக்குச் சென்று, எத்தனை கிலோ கொழுந்து பறித்தால் ஒரு கைபேசி கிடைக்கும் என்பதை இதனைப் படிப்போரே கணக்கிட்டுக்கொள்வாராக. சமிக்ஞை தேடி மாணவர் தேயிலை மலையின் முகட்டுக்கு ஏறியதை நாம் நேரிற் கண்டோம். பாடசாலை திறந்தது, கைபேசி வீட்டிலேயே தங்கிற்று. அதனுள் ‘ஃபிரீ ஃபயர்’ வந்து குடியேறிற்று.

சிங்கப்பூரின் கரேனா நிறுவனம் 2017இல் வெளியிட்ட அவ்விளையாட்டிலே ஐம்பதின்மர் ஒரு தீவில் இறங்கிப் பத்து நிமிட அளவிற் பொருதுவர். இறுதியில் எஞ்சியவன் வென்றவன். விலை குறைந்த கைபேசியிலும் அது ஓடும். ஏழை மாணவரிடையே அது பரவியதன் காரணம் அதுவே. ஆயின் ஓடுதல் வேறு, ஒத்து ஓடுதல் வேறு. மலை மறைவிலே சமிக்ஞை சென்று மீளத் தாமதமாகும். ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கி அதில் இருநூறு கூறு பிந்தினாற் போதும். நம் பையன் கண்ட பகைவன் அவ்விடத்தில் இரான், நம் பையனோ முன்னரே சுடப்பட்டிருப்பான். கொழும்பிலே கண்ணாடி இழையின்வழி இணையம் பெற்றவனும், காசு கொடுத்து ‘டயமண்ட்’ வாங்கித் தன் துப்பாக்கிக்கு மெருகேற்றியவனும் அதே தீவில் இறங்குகின்றனர். தோற்றபின் ஒலிவாங்கியில் வரும் வசை வேறு. ‘தோட்டக்காட்டான்’ என்னும் சொல்லை நம் பிள்ளைகள் நேரிற் கேட்பது குறைந்துவருகின்றது என்று மகிழ்ந்திருந்தோம்; அது இப்பொழுது செவிக்கருவியின் வழியே வீட்டுக்குள் வந்து ஒலிக்கின்றது.

நம் பிள்ளைகள் யாவரும் மான்களே என்று எண்ணிவிடவும் வேண்டா. புலிகளும் உளர். புதிதாய்த் தொடங்கிய ஆறாம் வகுப்புச் சிறுவனை நட்பென்று அழைத்துச் சென்று, ஆளில்லா மூலையில் வீழ்த்தி, அவன் அழுகையைப் பதிவு செய்து பலருக்கும் அனுப்பிய செய்தியும் நம் காதுக்கு எட்டியதுண்டு. நாம் அஞ்சுவது இதற்கே. துப்பாக்கி பொய், சிறுவனுடைய அழுகை பொய்யன்று.

இத்தகைய கேடுகளுக்கு அரசுகள் கண்ட மருந்து தடை. குஜராத்திலே ராஜ்கோட் நகரில் 2019 மார்ச்சில் ‘பப்ஜி’ ஆடியமைக்காக மாணவர்களையே பொலிசார் கைது செய்தனர். 2020 செப்டெம்பரில் இந்திய அரசு, சீனாவுடனான எல்லைப் பூசலை அடுத்து, அவ்விளையாட்டை வேறு பல செயலிகளுடன் சேர்த்துத் தடுத்தது. 2021 ஜூலையில் அதுவே வேறு பெயர் பூண்டு மீண்டது. குருதியின் நிறம் பச்சையாக்கப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்டோர் நாளுக்கு 3 மணிநேரமே ஆடலாம் என விதிக்கப்பட்டது. குருதியைப் பச்சையாக்கினாற் கொலை கீரைக்கறி ஆகிவிடுமோ, அறியோம். மணிநேர வரையறையை மட்டும் வரவேற்கின்றோம். 2022 பெப்ரவரியில் ஃபிரீ ஃபயரும் அங்கே தடுக்கப்பட்டது. இத்தடைகளுள் எதுவும், களம் ஏற்றவனைத் தாக்குவதற்கும் ஏலாதவனைத் தாக்குவதற்கும் உள்ள வேற்றுமையை ஒரு பிள்ளைக்கும் கற்பிக்கவில்லை. பப்ஜி ஆடிக்கொண்டே பெண்களைப் பற்றி இழிமொழி பேசி, இளைஞர் கூட்டத்தை ஈர்த்து, யூடியூபிற் பணம் ஈட்டிய ஒருவரைத் தமிழ்நாட்டுப் பொலிசார் 2021 ஜூனில் தருமபுரியிற் கைது செய்தனர். விளையாட்டு தடுக்கப்பட்ட பின்னரும் அந்நாவுக்குக் கேட்போர் குறையவில்லை என்பதை நோக்குக.

மற்றொரு மருந்தும் உண்டு. அது இன்னும் வியப்பானது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே கணினி விளையாட்டுக்களுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. பப்ஜியும் அவற்றுள் ஒன்று. ஆனால் விழாவின் பண்புக்கு ஒவ்வாது எனக் கருதி, ஆட்டக்காரர் ஒருவரையொருவர் சுடுதலை நீக்கி, ஓடிச்சென்று இலக்குப் பலகைகளைச் சுடும் பந்தயமாக அதனை மாற்றி அமைத்தனர். அவர் நோக்கம் நன்று. எனினும் அது வேண்டாத மிகை என்பதே நம் துணிபு. அதே விழாவிலே குத்துச்சண்டைக்கும் மற்போருக்கும் இடமிருந்ததே! நம் கபடியும் அங்கு ஆடப்பட்டது. கபடி என்பது யாது? எதிரி நிலத்துட் புகுதல், தொடுதல், பிடித்தல், ‘சாதல்’, மீண்டு ‘உயிர்த்தல்’. ஆயின் நிலத்தில் ஒரு கோடு உண்டு. கோட்டுக்குள் நிற்பவன் தானே விரும்பி நிற்கின்றான். மைதானத்து ஓரத்தில் வேடிக்கை பார்ப்பவனை இழுத்துப் பிடிப்பார் இல்லை. தாக்குதலை நீக்குவதால் ஆட்டம் அறமாவதில்லை. கோடு கிழித்தாற் போதும்.

களம் ஏற்றபின் ஒளிந்திருந்து சுடுதல் முறையோ என்றும் மாணவர் வினவுவர். இராமன் வாலியை மறைந்து நின்று எய்தது தகுமோ என்னும் பட்டிமண்டபம் இன்றும் முடியவில்லை. வாலி பொருதது சுக்கிரீவனோடு, இராமனோடு அன்று என்பதே அவ்வழக்கின் உயிர். ஃபிரீ ஃபயரிலே புதருள் ஒளிந்திருப்பவன்மேல் அவ்வழக்கு எழாது. ஒளிதலும் ஆட்டத்தின் கூறென்பதை ஐம்பதின்மரும் அறிந்தே இறங்கினர்.

பொய்க்கொலையும் நெஞ்சைக் கல்லாக்கும் என்று அஞ்சும் ஆசிரிய நண்பர் நம்மிடையே உளர். அமெரிக்க உளவியற் கழகம் 2020இல் தன் முடிவை மறுபடி ஆராய்ந்து, இத்தகைய விளையாட்டுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுச் செயல்களுக்கும் சிறிது தொடர்பு உண்டு. கொடுங்குற்றங்களுக்குக் காரணம் இதுவே என்று கூறப் போதிய சான்று இல்லை என அறிவித்தது. ஆகவே அச்சம் முற்றும் வீணன்று. ஆனால் வகுப்பறையில் நாம் கண்டு திருத்தக்க அளவினதே அது.

இவ்விழா ஆண்டிலே இருவேறு யோசனைகள் நம் கல்லூரியில் எழுந்துள்ளன. கைபேசி விளையாட்டென்னும் பேச்சே வளவினுட் புகலாகாது என்பது ஒன்று. பழைய மாணவர் சிலர் கூறுமாறு, விழாப் போட்டிகளுள் அதனையும் ஒன்றாகச் சேர்த்துப் பரிசு வழங்குதல் மற்றொன்று. முன்னையது பிள்ளைகளை மலை முகட்டுக்கே துரத்தும். அங்கே ஆசிரியரும் இல்லை, கோடும் இல்லை. பின்னையதனை நாம் ஆதரிக்கின்றோம். ஆயினும் இப்பொழுது முன்மொழிந்துள்ள உருவில் அன்று.

போட்டி, எவரும் புகும் பொதுத் தீவிலே நடத்தலாகாது. அழைக்கப்பட்டவர் மட்டும் புகும் தனியறை அவ்விளையாட்டிலேயே உண்டு, அதனையே பயன்படுத்துக. உயர்தர வகுப்பினர் மட்டும், பெற்றோர் ஒப்புதலுடன், தம் கையாற் பெயர் எழுதித் தந்து கலந்துகொள்க. பெயர் தராதவனை எவரும் வற்புறுத்தலாகாது; ஏளனம் செய்தவன் இல்லத்துக்குப் புள்ளி குறைக. இல்லங்கள் நான்கும் ஒரே மண்டபத்தில் எதிரெதிரே அமர்ந்து, முகம் பார்த்து ஆடுக. வீழ்ந்தவன் முகத்தைக் காணுமிடத்து வசைமொழி தானே அடங்குவதை நாம் கபடியிலே கண்டிருக்கின்றோம். காசு கொடுத்து வாங்கிய உடையும் படைக்கலமும் அன்று செல்லா. முழுப் போட்டியும் ஒரு சனிக்கிழமை முற்பகலில் முடிந்துவிடுதல் வேண்டும்.

எஞ்சியது கருவி. ஒருவன் கையில் இலட்ச ரூபாக் கைபேசியும் மற்றவன் கையில் கண்ணாடி வெடித்த பழையதும் இருந்தாற் கோடு கிழித்தும் பயனில்லை. ஒரே வகையான கைபேசிகள் பதினாறும், மண்டபத்துக்கு ஒரு நாள் தடையில்லா இணைய இணைப்பும் வேண்டும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் கணினித் துறையில் இருக்கும் பழைய மாணவர்கள் பரிசுக் கிண்ணத்துக்கென ஒதுக்க எண்ணியுள்ள பணத்தை இதற்குத் திருப்பித் தருவார்களாயின், போட்டி முடிந்த பின்னர் அப்பதினாறும் கல்லூரி நூலகத்திலே தங்கும். வீட்டிற் கைபேசி இல்லாத பிள்ளைகள் பாடசாலை விட்டபின் ஐந்து மணிவரை இருந்து பாடம் பார்த்துச் செல்லலாம்.